தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் ஏடிஸ் கொசுப்புழுத் தேடல்: தண்ணீர் முறையை ஒட்டிய வாரச் சுற்று

வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கப் புதிதாக இறங்கும் களப்பணியாளர்கள், சுய உதவிக் குழுவினர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதியிருக்கிறோம். தேடப்போவது டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவின் புழுவை.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேலையின் வரிசையைத் தீர்மானிப்பது குழாய்த் தண்ணீர்தான். பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கிறார்கள்; துணி துவைக்கவும் மாட்டுக்கும் போர் தண்ணீர். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீருக்கும் தனித்தனிப் பாத்திரங்கள். இங்கே போய் "தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்" என்று ஆரம்பித்தால் அந்த வாரம் கதவு திறக்கும், அடுத்த வாரம் திறக்காது.

1. முதலில் முட்டையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு முட்டை. அதையும் ஒரே பாத்திரத்தில் இடாமல் பக்கத்துப் பக்கத்துப் பாத்திரங்களில் பிரித்து இடும். முட்டை கறுப்பாக, மிளகாய்த்தூளில் ஒரு துகள் அளவுதான் இருக்கும். சிமெண்ட் தொட்டியின் சொரசொரப்பில் கண்ணுக்குத் தெரியாது.

அந்த முட்டை காய்ந்தாலும் சாவதில்லை. பல மாதம் உலர்ந்து கிடந்துவிட்டு, தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். மழை வந்தால்தான் கொசு வரும் என்பது ஊரில் பொதுவான எண்ணம். ஆனால் தண்ணீர் விடும் ஒவ்வொரு நாளும் தொட்டி நிரம்பி, சுவரில் ஒட்டிய முட்டைகளை நனைத்து எழுப்புகிறது. சித்திரை வெயிலிலும் இங்கே டெங்கு வருவதற்கு இதுதான் காரணம்.

பொரித்த புழு நான்கு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, பிறகு கொசுவாகிறது. வெப்பமான நாட்களில் இதற்கு 7 முதல் 10 நாள் போதும். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதியில் மார்கழிக் குளிரில் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுக்கும். சுற்றை 7 நாளுக்கு ஒருமுறை வைப்பதன் காரணம் இந்தக் கணக்கு. 10 நாளுக்கு ஒருமுறை போனால் ஒரு தலைமுறை உங்களுக்கு முன்பே பறந்துவிடும்.

2. தண்ணீர் முறையைக் கேட்டு நாளைக் குறியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்தப் படியில். தெருவை எண் வாரியாகப் பிரித்துக்கொண்டு திங்கள் காலை கிளம்பிவிடுகிறார்கள். அன்று தண்ணீர் விட்டிருந்தால் எல்லாத் தொட்டியும் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். சுவரைத் தேய்க்க முடியாது. புழு ஆழத்துக்கு இறங்கியிருக்கும். யாரும் ஒரு குடம் தண்ணீரைக்கூட விடச் சம்மதிக்க மாட்டார்கள்.

முதலில் ஊராட்சியின் தொட்டி இயக்குபவரைப் பாருங்கள். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வால்வு திறக்கிறார் என்று எழுதி வாங்குங்கள். முறை ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். ஒகேனக்கல் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனி நாளாக இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் பிற்பகலையோ தண்ணீர் வரும் நாளின் அதிகாலையையோ தேடலுக்கு வையுங்கள். அப்போது தொட்டியில் அடித்தண்ணீர்தான் இருக்கும். புழுக்கள் கொஞ்சத் தண்ணீரில் நெருக்கமாகத் தெரியும். அதைக் கொட்டிவிட்டுத் தேய்க்கச் சொன்னால் யாருக்கும் மனம் கோணாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில் வாரத்தில் ஒரே ஒரு முறையைத் தேர்ந்து, அதை மாற்றாமல் வையுங்கள்.

ஓசூர் சிப்காட் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். பகலில் பாதி வீடு பூட்டியிருக்கும். அந்தத் தெருக்களுக்கு மாலையோ ஞாயிறோ தனியாக ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

3. பையில் இருக்க வேண்டியவை

நல்ல வெளிச்சமுள்ள டார்ச். கைப்பேசி வெளிச்சம் டிரம்மின் அடிவரை எட்டாது. வெள்ளை நிறக் குழிக்கரண்டி, ஒரு வெள்ளைத் தட்டு (புழு கறுப்பாகத் தெரிய வெள்ளைதான் வேண்டும்), மருந்துக் கடையில் கிடைக்கும் சொட்டுக் குழாய், மூடியுள்ள சின்னப் புட்டிகள், டீ வடிகட்டி, நார் பிரஷ், அடி அளவு நாடா, பென்சில், படிவம். மருந்து இடும் பொறுப்புள்ளவரிடம் மட்டும் அளவுக் குவளையும் கையுறையும்.

குடிதண்ணீருக்கு ஒரு கரண்டி, மற்றதற்கு ஒரு கரண்டி. மாட்டுத் தொட்டியில் விட்ட கரண்டியைக் குடிதண்ணீர் அண்டாவில் விடுவதை வீட்டுக்காரம்மா ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அந்தத் தெருவே உங்களை உள்ளே விடாது.

4. வாசலில் பேச்சு, பிறகு வலமிருந்து ஒரு சுற்று

"அக்கா, தண்ணி கொட்டச் சொல்ல வரலை. தொட்டியில புழு இருக்கான்னு பாத்துட்டுப் போறோம், நீங்களும் கூட வாங்க." இந்த அளவு போதும். கூட வரச் சொல்வதில் ஒரு பயன் உண்டு: புழுவை அவர்கள் கண்ணால் பார்க்காத வரை மூடி போட மாட்டார்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் ஒருவர் குழுவில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். வலப்பக்கம் தொடங்கினால் வலப்பக்கமே முடிக்க வேண்டும். கண்ணில் பட்டதை நோக்கி ஓடினால் மூலையில் இருப்பது விட்டுப்போகும். முதலில் வெளி, அடுத்து உள், கடைசியில் மொட்டை மாடி.

வெளியே: சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் பேரல், மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, கைவிட்ட ஆட்டுக்கல், உரல், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, தேங்காய்த் தொட்டி, இளநீர்க் கூடு, வண்ண டப்பா. மாட்டுத் தொட்டியில் தினமும் மாடு குடித்தாலும் அடியில் தண்ணீர் தங்கும். அதை யாரும் சந்தேகிப்பதில்லை. உரலும் ஆட்டுக்கல்லும் இங்கே பல வீட்டு வாசலில் கவிழ்க்க முடியாத எடையில் கிடக்கின்றன. மழைக்காலத்தில் அந்தக் குழியில் மணலை நிரப்பிவிடுவது நிரந்தரத் தீர்வு.

உள்ளே: குடிதண்ணீர் அண்டா, குளியலறைத் தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, மணி பிளான்ட் புட்டி. ஃப்ரிட்ஜ் தட்டைப் பத்தில் ஒன்பது பேர் தவறவிடுவார்கள்.

மேலே: சின்டெக்ஸ் மூடி, வழிந்தோடும் குழாயின் வாய், அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால். தகரக் கூரை காற்றில் பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்த பழைய டயர்களை ஏறித்தான் பார்க்க வேண்டும். டயருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றாலே ஏடிஸுக்குப் போதும். இருட்டும் வெதுவெதுப்பும் அதற்குப் பிடிக்கும். கூரைக்கு டயர்தான் வேண்டுமென்றால் அடிப்பக்கம் மூன்று நான்கு இடத்தில் துளை போடச் சொல்லுங்கள், அல்லது மண் நிரப்பிய சாக்கு வைக்கட்டும். தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய பஞ்சர் கடைகள், பழைய டயர்க் கிடங்குகளை வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் தனிப் பட்டியலில் வையுங்கள். அங்கே ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான டயர் இருக்கும். வாரச் சுற்றில் அடங்காது.

கட்டிடம் நடக்கும் இடத்தில் சுவர் நனைக்க வைத்த தொட்டியும், தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரும் ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.

5. புழுவைப் பார்க்கும் முறை

நிழல் விழுந்தாலோ, தொட்டி அதிர்ந்தாலோ ஏடிஸ் புழு உடனே அடிக்கு இறங்கிவிடும். மூடியைச் சட்டென்று தூக்கி, தலையை நீட்டி, "ஒன்றுமில்லை" என்று போய்விடுவது புதியவர்களிடம் நாம் காணும் இன்னொரு தவறு.

மூடியை மெதுவாக நகர்த்துங்கள். டார்ச்சை நேர் மேலிருந்து அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சு விடப் புழு மேலே வந்தாக வேண்டும். வரும்போது கரண்டியைச் சாய்த்து, சுவரோரமாக ஒரே வீச்சில் அள்ளுங்கள். நடுவில் அள்ளினால் கிடைப்பது குறைவு. புழுக்கள் ஓரத்தில்தான் ஒதுங்கும். பெரிய தொட்டியில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை.

டயரிலும் ஃப்ரிட்ஜ் தட்டிலும் கரண்டி நுழையாது. சொட்டுக் குழாயால் உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விடுங்கள். கரண்டியில் கிடைத்ததை அதே தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் செத்துவிடும். சாக்கடையில் ஊற்றினால் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

6. எந்தக் கொசுவின் புழு என்று பிரிப்பது

வெள்ளைத் தட்டில் விட்டு, தண்ணீர் அசைவு நின்றபின் பாருங்கள்.

தண்ணீர்ப் பரப்புக்கு இணையாக, துரும்பு மிதப்பது போலப் படுத்திருந்தால் அனாபிலஸ். மலேரியா பரப்பும் இனம். இதில் அனாபிலஸ் ஸ்டீபென்சி என்பது கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் சுத்தமான தண்ணீரில் வளரும். ஆகவே சின்டெக்ஸில் புழு என்றாலே ஏடிஸ் என்று எழுதிவிடாதீர்கள்.

தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, வாலருகே மூச்சுக் குழல் நீளமாக, ஒல்லியாக இருந்தால் க்யூலெக்ஸ். சாக்கடை, செப்டிக் டேங்க் போன்ற அழுக்குத் தண்ணீரில் அதிகம்.

மூச்சுக் குழல் குட்டையாக, தடித்து, கறுத்திருந்து, நீந்தும்போது பாம்புபோல் 'எஸ்' வடிவில் நெளிந்தால் ஏடிஸ். ஐயம் இருந்தால் புட்டியில் எடுத்து, பாத்திர வகையையும் தேதியையும் பென்சிலால் எழுதி ஒட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். பேனா மை நனைந்தால் கலைந்துவிடும்.

கூட்டுப்புழுவைத் தனியாகக் கவனியுங்கள். பெரிய தலையும் சுருண்ட வாலுமாக, காற்புள்ளிபோல் இருக்கும். அது இருக்கிறதென்றால் இரண்டு நாளில் கொசு. அந்தத் தொட்டிக்கு அன்றே வேலை முடிய வேண்டும்.

7. தேய்த்துக் கழுவுதல்: வரிசை மாறக் கூடாது

தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே திரும்ப நிரப்பினால் புழு மட்டும்தான் போகிறது. சுவரில் ஒட்டிய முட்டை அங்கேயே இருந்து, புதுத் தண்ணீர் ஏறியதும் பொரிக்கிறது. "வாராவாரம் கொட்டுறோம், அப்பவும் புழு வருதே" என்று வருத்தப்படும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

முதலில், தேவையான அடித்தண்ணீரை வடிகட்டியால் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மீதியைச் செடிக்கோ காய்ந்த மண்ணுக்கோ ஊற்றுங்கள்.

இரண்டாவது, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலும் கீழுமாக ஒரு சாண் அகலத்துக்குச் சுவரில் பூசுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். கழிவறை ஆசிட்டை இதோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

மூன்றாவது, நார் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, மூலைகளையும் குழாய் பொருத்திய இடத்தையும் சேர்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் மண்ணில் ஊற்றுங்கள். துணியால் துடைத்தால் முட்டை பெயராது.

பிறகுதான் புதுத் தண்ணீர். பூசியதும் உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது. பூசாமல் தேய்த்தால் பெயர்ந்த முட்டை அடியில் தங்கும்.

8. மூடி

இடைவெளி உள்ள மூடி, மூடி இல்லாததைவிட மோசம். உள்ளே இருட்டும் ஈரமும் தந்து கொசுவுக்கு வசதி செய்கிறது. பேரலுக்குப் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டலாம். ஆனால் நடுவில் தொய்ந்து தண்ணீரில் தொட்டால் அந்த ஈரத் துணியிலேயே முட்டையிடும். இறுக்கமாகக் கட்டி, ரப்பர் வளையமோ சைக்கிள் ட்யூப் துண்டோ போட்டு நிறுத்துங்கள். பெரிய சிமெண்ட் தொட்டிக்கு மரச் சட்டத்தில் அடித்த கொசுவலைதான் நீடிக்கிறது. சின்டெக்ஸின் வழிந்தோடும் குழாய்க்கும் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கும் வலைத் துண்டு கட்டுங்கள்.

9. அபேட்: நிரப்பிய பிறகு, அளந்து

தேய்க்கவும் மூடவும் முடியாத பாத்திரத்துக்கு மட்டும்தான் மருந்து. பயிற்சி பெற்ற பணியாளர்தான் இட வேண்டும். குடிதண்ணீரில் அபேட் எனப்படும் டெமிஃபாஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

50 சதவீதத் திரவ மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கிறது. அதில் 10 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டராக்குங்கள். இந்தக் கரைசலில் 20 மி.லி., 100 லிட்டர் தண்ணீருக்குச் சரி. 200 லிட்டர் பேரல் நிறைய இருந்தால் 40 மி.லி., பாதி இருந்தால் 20. ஒரு சதவீத மணல் குருணையாக இருந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம்.

சதுரத் தொட்டிக்கு நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 4 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் 840 லிட்டர். கரைசல் 168 மி.லி. கண்ணளவில் ஊற்றினால் சிறிய அண்டாவில் அதிகமாகி நாற்றம் வரும், பெரிய தொட்டியில் போதாமல் புழு தப்பும். நாற்றம் வந்த வீடு அடுத்த முறை மருந்தை மறுக்கும்.

தண்ணீர் வருவதற்கு முன் இட்டால் நிரம்பும்போது நீர்த்துப்போகும். அதனால் முந்தின நாள் தேடல், மறுநாள் நிரம்பிய பின் மருந்து. கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை. இந்த மருந்தை அதற்கு நம்ப முடியாது. வடிகட்டியால் அள்ளி எடுத்துவிட்டுத்தான் மருந்து.

பயன்படாத கிணறு, பெரிய அலங்காரத் தொட்டி போன்றவற்றுக்குக் கம்பூசியா மீன் விடலாம். ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். நம் சிறு மீன்களின் குஞ்சுகளையும் அது தின்றுவிடும்.

10. புகை மருந்தும் பட்டுப்புழுவும்

புகை, பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். புழுவையும் முட்டையையும் தொடாது. ஏடிஸ் பகலில் கடிக்கும், காலையிலும் மாலை மங்குவதற்கு முன்னும் அதிகமாக. மற்ற நேரத்தில் கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளுக்குப் பின்னும் ஒதுங்கியிருக்கும். கதவைச் சாத்திய தெருவில் வண்டியில் புகை விட்டுப் போனால் பலன் மிகக் குறைவு.

தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் வட்டாரங்களில் பட்டு வளர்ப்பு இருக்கிறது. கொசுப் புகையில் உள்ள மருந்து மல்பெரி இலையில் படிந்தாலோ, வளர்ப்பு மனைக்குள் போனாலோ ஒரு தொகுதிப் புழு முழுதும் சாகும். ஒரு குடும்பத்தின் மாதக்கணக்கான உழைப்பு அது. புகை அடிக்கும் முன் பட்டு வளர்ப்பவர்களிடம் நாளும் நேரமும் சொல்லுங்கள், தோட்டத்தை ஒட்டி அடிக்காதீர்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். மருந்து தொட்ட பாத்திரத்தை மல்பெரி வாய்க்காலில் கழுவவும் கூடாது.

11. படிவமும் கணக்கும்

ஒவ்வொரு வீட்டுக்கும்: தண்ணீர் இருந்த பாத்திரம் எத்தனை, புழு இருந்தது எத்தனை, எந்த வகைப் பாத்திரம், என்ன செய்தோம். தண்ணீர் இல்லாத பாத்திரத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பூட்டிய வீட்டைப் 'புழு இல்லை' என்று எழுதுவது பெரும் தவறு. அதைத் தனியாகக் குறித்துத் திரும்பப் போங்கள்.

எடுத்துக்காட்டாக 100 வீடு பார்த்து, 12 வீட்டில் புழு; தண்ணீர் இருந்த பாத்திரம் 340, புழு இருந்தவை 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்று சொல்லும் வீட்டுக் குறியீடு 12. தண்ணீர் இருந்த நூறு பாத்திரத்தில் எத்தனையில் புழு என்று சொல்லும் பாத்திரக் குறியீடு 5. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்று சொல்லும் பிரெட்டோ குறியீடு 17. வீட்டுக் குறியீடு 5-ஐயோ பிரெட்டோ 20-ஐயோ தாண்டிய பகுதியை டெங்கு பரவக்கூடிய இடமாகக் கொள்வது வழக்கம். அதற்காக வீட்டுக் குறியீடு 4 வந்தால் நிம்மதியாக உட்காரவும் முடியாது.

எண்ணைவிட வகைப் பிரிப்பு உதவும். அந்த 17-இல் 11 சிமெண்ட் தொட்டி என்றால் அடுத்த வாரம் மூடிக்கு வேலை. டயர் என்றால் அகற்றும் வேலை. கூட்டுப்புழு இருந்தவற்றுக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். கொசுவைப் பறக்கவிடுவது உண்மையில் அந்தப் பாத்திரங்கள்தான்.

12. மறுபார்வை, காய்ச்சல் வீடு

மருந்திட்ட பாத்திரத்தை 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். புழு உயிரோடிருந்தால் அளவு தவறியது, அல்லது இட்டபின் தண்ணீர் மாறியது. இரண்டில் எது என்று கேட்டு எழுதுங்கள்.

டெங்கு உறுதியான வீடு இருந்தால் வார முறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே திரியும். நோயாளியைக் கடித்த கொசு, 8 முதல் 12 நாளில் அடுத்தவருக்குப் பரப்பத் தயாராகும். அந்த வீடு, அக்கம்பக்கம், பின்தெரு என்று அன்றே தொடங்குங்கள். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள். அவர் வேலைக்கோ பள்ளிக்கோ போய்வந்த இடத்தையும் கேளுங்கள். பகலில் கடிக்கும் கொசு என்பதால் கடி வீட்டில்தான் பட்டது என்று கொள்ள முடியாது. அந்த இடம் வேறு வட்டாரமாக இருந்தால் அதே நாளில் அங்குள்ள சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும்.